கருவி கிடைத்தது, அதன் பிறகு?

ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஆலையில் வேலை பார்ப்பவர் யாரிடம் கேட்டாலும் சொல்வார்: புது மெஷின் வந்து இறங்கிவிட்டால் மட்டும் லைன் ஓடாது. அதைப் பொருத்த வேண்டும். ஓட்டுபவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். எந்த உதிரி எப்போது தேயும் என்று கணக்குப் போட்டு முன்பே வாங்கி வைக்க வேண்டும். நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதி ஒட்ட வேண்டும். இவை இல்லாவிட்டால் எத்தனை லட்சம் போட்டு வாங்கிய மெஷினும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு மூலையில்தான் நிற்கும்.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் இருக்கும் மணிமங்கலத்தைப் போன்ற ஊர்களில், ஷிப்டுக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அவர்களில் காது கேளாத பிள்ளை உண்டு. பார்வை மங்கிய பிள்ளை உண்டு. கை சொன்னபடி கேட்காத பிள்ளை, எழுத்தைக் கண்டாலே திணறும் பிள்ளை, பேச்சு வராத பிள்ளை எல்லாரும் உண்டு. முகாமில் காது மிஷினோ வீல் சேரோ கிடைக்கிறது. பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். பெரும்பாலும் கணக்கு அத்தோடு முடிகிறது. ஆனால் வகுப்பறையில் அந்தக் கருவியின் வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. என்னென்ன கருவிகள் உண்டு, அவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே கிடைக்கும், கிடைத்த பிறகு யார் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் எளிதாகச் சொல்வதே இந்தக் கட்டுரை.

எது உதவிக் கருவி?

ஒரு வேலையைச் செய்ய முடியாமல் இருக்கும் பிள்ளையை அந்த வேலையைச் செய்ய வைக்கிற எதுவும் உதவிக் கருவிதான். பென்சிலைத் தடிமனாக்கும் ரப்பர் பிடியும் கருவி. கணினித் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளும் கருவி. விலைக்கும் பயனுக்கும் தொடர்பில்லை.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் 250 கோடிப் பேருக்கு மேல் மூக்குக்கண்ணாடி, காது மிஷின், சக்கர நாற்காலி போன்ற ஏதாவது ஓர் உதவிப் பொருள் தேவை. அவர்களில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை.

பெற்றோர் செய்யும் முதல் பிழை, கருவியின் பெயரிலிருந்து தொடங்குவது. “இந்தக் குறைபாட்டுக்கு என்ன கருவி சார்?” என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது வேறு: வகுப்பில் பிள்ளை எந்த வேலையில் தடுமாறுகிறது? கரும்பலகையைப் பார்ப்பதிலா, டீச்சர் பேசுவதைக் கேட்பதிலா, நோட்டில் எழுதுவதிலா, பதில் சொல்வதிலா, நேராக உட்கார்வதிலா, கழிப்பறைக்குப் போவதிலா? ஒரே குறைபாட்டுச் சான்றிதழ் வைத்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வேறு விடைகள் வரலாம். வேலை தெரிந்தால் கருவி தெரியும். அதைச் செய்து முடிக்கும் கருவிகளில் மிக எளிமையானதிலிருந்து தொடங்குவதே நல்லது. பழுதாக அதில் குறைவாகத்தான் இருக்கும்.

பார்வை: மங்கல் வேறு, இல்லாமை வேறு

பார்வைக் குறைபாடு என்றதும் பிரெய்லிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சான்றிதழ் வைத்திருக்கும் பல பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பார்வை இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது அந்தக் கொஞ்சத்தைப் பயன்படுத்தும் வழி. பெரிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாள், தடித்த கோடு போட்ட நோட்டு, குனியாமல் படிக்கச் சாய்வுப் பலகை, கைப்பிடி உருப்பெருக்கி, கரும்பலகையைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு கைபேசி அல்லது டேப்லெட். வெண்தோல் கொண்ட, அதாவது அல்பினிசம் உள்ள பிள்ளைக்கு வெளிச்சம் கண்ணைக் கூசும். அவரை ஜன்னலுக்கு எதிரே உட்காரவைக்காமல் இருப்பதும் தொப்பி போட்டுக்கொள்ள அனுமதிப்பதும் செலவில்லாத ஏற்பாடு.

முழுவதும் பார்வையில்லாத பிள்ளைக்குப் பிரெய்லி எழுத்தறிவின் அடிப்படை. ஆறு புள்ளிகளின் சேர்க்கையில் எழுத்துகள் அமைகின்றன. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்லி முறையில் தமிழும் எழுதப்படுகிறது. அச்சில் ‘கொ’ என்று எழுதும்போது குறிகள் எழுத்துக்கு இரு பக்கமும் நிற்கும். பிரெய்லியில் முதலில் ‘க’, அடுத்து ‘ஒ’ என்று ஒலிக்கும் வரிசையிலேயே வரும். எழுதுவதற்கு இரண்டு வழிகள். சிலேட்டும் ஊசியும் மலிவு. ஆனால் தாளின் பின்புறம் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், எழுதியதைப் படிக்கத் தாளைத் திருப்ப வேண்டும். பெர்கின்ஸ் பிரெய்லர் என்னும் தட்டச்சுக் கருவியில் எழுதியதை அப்போதே தடவிப் படிக்கலாம். அமெரிக்காவில் 1951இல் உற்பத்திக்கு வந்த அந்தக் கருவி, நம் பக்கத்தில் காட்பாடியிலுள்ள வொர்த் டிரஸ்ட் பட்டறையிலும் தயாராகிறது. கணக்குக்கு டெய்லர் சட்டமும் மணிச்சட்டமும் உண்டு. படம் வரைய ரப்பர் பலகைமேல் பிளாஸ்டிக் தாளை வைத்துக் கீறினால் கோடு மேலெழும்பும். பிள்ளை முக்கோணத்தை விரலால் தடவிப் பார்க்கலாம்.

மேல்வகுப்புக்கு வந்த பிள்ளைக்குக் கணினி கைகொடுக்கும். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்களான மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே ஆகியோர் 2006இல் தொடங்கிய திட்டம் அது. தமிழும் வாசிக்கும், குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், பழகிவிடும். அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்திருக்கிறது. அந்தக் கணினிகளில் ஒன்றில் இதை நிறுவி, ஒரு ஹெட்போன் வைத்தால் போதும். ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் என்ற வசதி ஏற்கெனவே உள்ளது. அமைப்புகளில் போய் அதை இயக்க வேண்டியதுதான்.

இங்கே தமிழுக்கென்றே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. பழைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாள் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு உள்ளே இருப்பது வேறு எழுத்துகள். திரைவாசிப்பான் அவற்றைப் பொருளற்ற ஒலிகளாக உளறும். ஸ்கேன் செய்த பக்கமோ வெறும் படம். அதில் வாசிக்க எதுவும் இல்லை. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆசிரியர் வினாத்தாளையும் குறிப்புகளையும் யூனிகோடில் தட்டச்சு செய்தால், புதிதாக எதுவும் வாங்காமலே பார்வையற்ற மாணவருக்குப் பாடம் திறந்துவிடும்.

புத்தகங்களுக்குப் பூந்தமல்லி ரொம்பத் தூரமில்லை. அங்கேதான் அரசின் பார்வையற்றோர் பள்ளியும் தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையமும் பிரெய்லி அச்சகமும் இருக்கின்றன. 2016இல் தொடங்கிய ‘சுகம்ய புஸ்தகாலய’ என்ற இணைய நூலகத்தில் பல இந்திய மொழிகளின் நூல்கள் ஒலியாகவும் மின்னெழுத்தாகவும் கிடைக்கின்றன. அச்சு நூலைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றப் பதிப்புரிமை தடையாக இருக்கக் கூடாது என்ற மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014இல் முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா.

காது: மிஷின் போட்டாலும் டீச்சர் தூரத்தில்தான்

காது மிஷின் ஒலியைப் பெரிதாக்கும். ஆனால் டீச்சர் குரலையும் ஃபேன் சத்தத்தையும் பக்கத்து பெஞ்சுப் பேச்சையும் சேர்த்தே பெரிதாக்கும். ஒலியின் இயல்பு இன்னொரு சிக்கல்: திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி அளவு 6 டெசிபெல் குறைகிறது. வகுப்பறையின் சுவர்கள் ஒலியைக் கொஞ்சம் திருப்பித் தந்தாலும் அது எதிரொலியாகக் கலந்து சொல்லைக் கலங்கடிக்கும். ஆகவே ஓரிரு மீட்டருக்குள் நன்றாகக் கேட்கும் பிள்ளைக்கு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. இதைத் தீர்க்கத்தான் ரிமோட் மைக் இருக்கிறது. ஆசிரியர் சட்டையிலோ சேலையிலோ ஒரு சின்ன மைக்கைக் குத்திக்கொள்கிறார். அவர் குரல் ரேடியோ அலையாகப் பிள்ளையின் மிஷினுக்கு நேரே போகிறது. தூரமும் இரைச்சலும் நடுவில் வருவதில்லை. இது கிடைக்காத இடத்தில் முன்வரிசையும், ஃபேனிலிருந்து விலகிய இடமும், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாத ஆசிரியரும் பாதிக் குறையைத் தீர்ப்பார்கள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு ஆசிரியரின் முகம் தெரிவதே ஒரு கருவி.

எல்லாக் கருவிகளிலும் அதிகமாகப் பைக்குள் முடங்குவது காது மிஷின்தான். காரணங்கள் மிகச் சாதாரணமானவை. முதலாவது பேட்டரி. ஜிங்க்-ஏர் வகைச் சின்ன பேட்டரி ஓரிரு வாரம்தான் ஓடும். இரண்டு காதுக்கும் ஒரு கல்வியாண்டுக்குக் குறைந்தது 40 பேட்டரி வேண்டும். ஸ்டிக்கரைப் பிய்த்ததும் காற்றுப் பட்டு அது செலவாகத் தொடங்கிவிடும், உபயோகிக்காவிட்டாலும் தீரும். இரண்டாவது, காதுக்குள் பொருந்தும் அச்சு. பிள்ளை வளர வளர அது தளர்ந்துபோகும். இடைவெளி வழியே ஒலி கசிந்து ‘கீச்’சென்று கத்தும். சத்தம் பொறுக்காமல் யாராவது வால்யூமைக் குறைப்பார்கள். அதோடு மிஷின் இருந்தும் இல்லாத மாதிரி. வளரும் குழந்தைக்கு அச்சை அவ்வப்போது புதிதாக எடுக்க வேண்டும் என்று முகாமிலேயே சொல்லியனுப்பினால் இந்தத் தொல்லை பாதி குறையும். மூன்றாவது, வியர்வை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் உள்ளே போய் மிஷின் செத்துவிடும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து மூடினால் ஆயுள் கூடும்.

பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு, ஆறு வயதுக்குள் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம். வயது இங்கே உயிர்நாடி. மூளை மொழியைக் கற்கும் ஆரம்ப வருடங்கள் போய்விட்டால், கருவி ஒலியைத் தந்தாலும் சொல்லாக விளங்குவது கடினம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கேட்கவும் பேசவும் நீண்டகாலப் பயிற்சியும் வேண்டும்.

பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் செயலிகள் இப்போது தமிழிலும் வேலை செய்கின்றன. ஆனால் எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கே அவை உதவும். மொழியே வந்து சேராத பிள்ளைக்கு ஓடும் எழுத்து வெறும் கோடுகள். அவருக்கு முதலில் வேண்டியது ஒரு முழுமையான மொழி. அது சைகைமொழியாகவும் இருக்கலாம். இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மையம் 2021இல் விரிவாக்கிய அகராதியில் 10,000 சொற்கள் காணொளியாக உள்ளன. ஆசிரியரும் வகுப்புத் தோழர்களும் அதிலிருந்து தினம் கொஞ்சம் பழகலாம்.

பேச்சு: படத்தைத் தொட்டால் குரல்

பேச்சு வராத பிள்ளைக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். மூளை முடக்குவாதத்தில் நாக்கும் உதடும் ஒத்துழைப்பதில்லை. ஆட்டிசத்தில் காரணம் வேறு. இரண்டிலும் உள்ளே சொல்ல வேண்டியது இருக்கிறது. படங்களைத் தொட்டு வாக்கியம் அமைத்தால் குரலாகச் சொல்லும் முறைக்கு மாற்றுத் தகவல்தொடர்பு என்று பெயர். இதில் சென்னைக்கு ஓர் இடமுண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யா சாகர் அமைப்போடு சேர்ந்து வேலை செய்து ‘ஆவாஸ்’ என்ற கருவியை உருவாக்கினார். முதலில் தனிக் கருவியாக வந்து, பிறகு டேப்லெட் செயலியாக மாறியது. இப்போது தமிழிலும் கிடைக்கிறது.

தமிழில் இது ஆங்கிலம்போல் எளிதில்லை. ‘நான்’, ‘பள்ளி’, ‘போ’ என்று மூன்று படங்களை அடுக்கினால் வாக்கியம் முடியாது. பள்ளி ‘பள்ளிக்கு’ ஆக வேண்டும். போ ‘போகிறேன்’ ஆக வேண்டும். அதுவும் வீட்டில் யாரும் ‘தண்ணீர் வேண்டும்’ என்று சொல்வதில்லை, ‘தண்ணி வேணும்’தான். பிள்ளை தினம் கேட்கும் தமிழையும் தம் வீட்டுப் பெயர்களையும் பெற்றோரே செயலியில் ஏற்றிக்கொடுத்தால், அது பாடப்புத்தகக் குரலாக இல்லாமல் பிள்ளையின் குரலாக இருக்கும். வடமாநிலங்களிலிருந்து இந்தத் தொழிற்பேட்டைக்கு வந்து குடியிருப்பவர்களின் பிள்ளை என்றால் வீட்டுக்கு இந்தி, பள்ளிக்குத் தமிழ் என்று இரண்டு அடுக்கும் தேவைப்படலாம்.

டேப்லெட் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கழிப்பறை, தண்ணீர், வலிக்கிறது, புரியவில்லை, வேண்டாம் என்று படங்கள் ஒட்டிய ஓர் அட்டையைக் கொடுத்தால் இன்றைக்கே பேச்சு தொடங்கும். சார்ஜ் தீர்ந்த நாளிலும் அந்த அட்டை வேலை செய்யும். ‘இதைப் பழகினால் பேச்சே வராமல் போய்விடும்’ என்று பயமுறுத்துவார்கள். அதற்கு ஆதாரமில்லை; பல பிள்ளைகளுக்குப் பேச்சு முயற்சி கூடவே செய்கிறது.

உட்கார்வதும் எழுதுவதும்

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு டேப்லெட் தருவதற்கு முன் தர வேண்டியது சரியான நாற்காலி. இடுப்பு நிலையாக, பாதங்கள் எதன்மேலாவது ஊன்றி, கைகளுக்கு மேசை சரியான உயரத்தில் இருந்தால்தான் தலை நிற்கும், கண் பலகையைப் பார்க்கும், விரல் தொட வேண்டியதைத் தொடும். சறுக்கிச் சறுக்கி விழாமல் இருப்பதிலேயே பலமெல்லாம் போய்விட்டால் பாடத்துக்கு என்ன மிஞ்சும்?

சக்கர நாற்காலியும் சட்டைபோல் அளவு பார்த்து வாங்க வேண்டியது. பெரியவர் அளவு நாற்காலியில் எட்டு வயதுப் பிள்ளையை உட்காரவைத்தால் முதுகு வளையும். சக்கரத்துக்குக் கை எட்டாது. யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸின் டி.டி.கே. ஆய்வு மையத்தில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் குழுவினர் இந்தக் குறையைத்தான் பல வருடங்களாகத் தீர்த்துவருகிறார்கள். பயனருக்கேற்ப அமைத்துக்கொள்ளும் ‘நியோஃப்ளை’ 2021இல் வந்தது. 9 கிலோ எடையே உள்ள ‘ஒய்.டி. ஒன்’ 2025இல் வந்தது. பள்ளியில் சாய்தளம் இருந்தால் மட்டும் போதாது. அது ஏறக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு அடி உயரப் படிக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பிள்ளை தானாக ஏற முடியாது. சாய்தளம் முடியும் இடத்திலிருந்து கழிப்பறை வரை வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வழியில்லாவிட்டால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பிள்ளை தானே கற்றுக்கொள்ளும்.

எழுதச் சிரமப்படும் பிள்ளைக்குக் குரலால் தட்டச்சு செய்யும் வசதி 2017 முதல் கூகுளில் தமிழிலும் இருக்கிறது. ஆனால் குழறிப் பேசும் பிள்ளையின் பேச்சை அது பிடிக்காது. இரைச்சலான வகுப்பிலும் தடுமாறும். வாங்குவதற்கு முன் அதே வகுப்பில், அதே பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத சிரமங்கள்

எழுத்துகள் பிடிபடாமல் திணறும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. இந்தப் பிள்ளைகளுக்காக முப்பதாண்டுகளுக்கு மேலாக வேலை செய்யும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன், ஆவாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு வாசிப்புச் செயலியை உருவாக்கியிருக்கிறது. பக்கத்தைப் படமெடுத்தால் அந்தச் செயலி வரிவரியாக வாசிக்க உதவும். அது இல்லாவிட்டாலும், படிக்கும் வரியை மட்டும் காட்டும்படி நடுவில் பிளந்த ஓர் அட்டை கண் தாவாமல் காக்கும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாததே பெரிய பதற்றம். இன்றைய பாடவேளைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி ஒட்டிய அட்டை, மீதி நேரத்தைக் காட்டும் மணற்கடிகாரம், பள்ளி மணி அடிக்கும்போது காதை மூடும் ஹெட்போன் — அவரது கருவிப்பெட்டி இவ்வளவுதான்.

சட்டம் தரும் உரிமை

உதவிக் கருவி யாருடைய தயவும் அல்ல. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள மாணவருக்கு 18 வயது வரை நூல்கள், கற்றல் பொருள்கள், தகுந்த உதவிக் கருவிகள் ஆகியவற்றை இலவசமாகத் தர 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அரசைக் கட்டாயப்படுத்துகிறது. பாடத்திட்டத்திலும் தேர்விலும் தேவையான மாற்றங்கள் செய்வதும் அதே பிரிவில் வருகிறது.

தேர்வில் இதைக் கேட்டுப் பெற வேண்டும். மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். டெய்லர் சட்டம், மணிச்சட்டம், பிரெய்லி சிலேட், தகவல்தொடர்பு அட்டை போன்றவற்றையும் அது அனுமதிக்கிறது. தமிழ்நாட்டின் பொதுத்தேர்வுகளில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் நடைமுறையில் உள்ளன. 40 சதவீதம் இல்லையென்றாலும் உண்மையான தேவை இருந்தால் எழுதுபவர் வைத்துக்கொள்ளலாம் என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றை மறக்கக் கூடாது: தேர்வில் பயன்படுத்தப்போகும் முறையை வகுப்பில் வருடம் முழுக்கப் பழகியிருக்க வேண்டும். எழுதுபவரிடம் பதில் சொல்லி எழுதவைப்பதும் ஒரு பயிற்சிதான்.

எங்கே போய்க் கேட்பது?

முதல் வாசல் பள்ளி. அரசுப் பள்ளி மாணவருக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையம் வழியாகச் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். வருடந்தோறும் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கிறது. பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வி உண்டு. முகாமில் கிடைக்கும் பல கருவிகள் கான்பூரில் உள்ள மத்திய அரசு நிறுவனமான அலிம்கோவில் தயாரானவை. ஆட்சியர் அலுவலகத்தோடு இயங்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் அடுத்த வாசல். அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. நாடு முழுவதும் செல்லும். வேறு மாநிலத்தில் எடுத்திருந்தாலும் இங்கே காட்டலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் சேர்ந்திருந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய தேசியப் பன்முகக் குறைபாடுடையோர் நிறுவனத்தில் ஒரே இடத்தில் பல வல்லுநர்களைப் பார்க்கலாம். எந்தக் கருவி பொருந்தும் என்று தெரியாதவர்கள் சென்னைக் காமராஜர் சாலையில் உள்ள ‘மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டிஸ்’ காட்சிக்கூடத்துக்குப் போய்வரலாம். கருவிகளைத் தொட்டு, இயக்கி, உட்கார்ந்து பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

கிடைத்த பிறகு: ஒரு தாள் போதும்

கருவி கிடைத்த வாரத்திலேயே வகுப்பாசிரியரும் சிறப்புப் பயிற்றுநரும் பெற்றோரும் உட்கார்ந்து ஒரு தாளில் ஐந்து விடைகளை எழுதிக்கொள்ளட்டும். எந்தப் பாடவேளையில், எந்த வேலைக்கு இதைப் பயன்படுத்தப்போகிறோம்? காலையில் அதைச் சரிபார்ப்பது யார்? பேட்டரி, சார்ஜர், மாற்று உதிரி எங்கே இருக்கும்? பழுதானால் யாருக்கு போன் செய்வது, அதுவரை பிள்ளைக்கு மாற்று என்ன? மூன்று மாதம் கழித்து எதைப் பார்த்து, பயன் இருக்கிறதா என்று முடிவு செய்வோம்? கடைசிக் கேள்விக்கு ‘பிள்ளை கருவியைப் போட்டுக்கொள்கிறது’ என்பது விடையாகாது. ‘அறிவியல் பாடத்தில் கேள்வி கேட்டால் இப்போது பதில் சொல்கிறது’ என்பதுதான் விடை. வகுப்பாசிரியர் மாறும்போது இந்தத் தாளும் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். பிள்ளைக்குத் தெரிந்த எளிய தமிழில் பிள்ளையிடமும் இதைப் படித்துக்காட்ட வேண்டும். எட்டாம் வகுப்புக்கு மேல் காது மிஷினை முடிக்குள் மறைக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களைத் திட்டிப் பயனில்லை. வகுப்புத் தோழர்களுக்கு அது என்ன, எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பாடவேளையில் சொல்லிவிட்டால் கேலி தானே குறையும்.

கைபேசி விஷயத்திலும் பள்ளி ஒரு முடிவெடுக்க வேண்டும். பல பள்ளிகளில் மாணவர் கைபேசி கொண்டுவரக் கூடாது. பார்வை குறைந்த பிள்ளைக்கு அதுவே நோட்டு, அதுவே உருப்பெருக்கி. எந்த நேரத்தில், எந்தச் செயலிக்கு என்று எழுத்தில் அனுமதி கொடுத்துவிட்டால் ஒவ்வொரு ஆசிரியரிடமும் பிள்ளை விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் யார் வலியுறுத்துவது? கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர். 2012இல் வந்த திருத்தத்துக்குப் பின் மாற்றுத்திறன் பிள்ளைகளும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே அவர்களின் பெற்றோருக்கும் அந்தக் குழுவில் உரிய இடம் உண்டு. உட்காரும் உரிமை இருக்கிறது. உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இந்தப் பகுதிக்கென்றே இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. நிகர மதிப்பு, விற்றுமுதல், லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் கல்வி அந்தப் பணிகளின் பட்டியலிலேயே இருக்கிறது. ஆலைகள் நிறைந்த இந்தச் சாலையில் பள்ளிகளுக்கு உதவி வருவது புதிதல்ல. வரும்போது பெரும்பாலும் பொருளாக வருகிறது. பள்ளி மேலாண்மைக் குழு அடுத்த முறை கம்பெனியிடம் கேட்க வேண்டியது மூன்று வருடத்துக்கான பேட்டரி, வருடம் ஒரு காது அச்சு, ஹைடெக் லேப் கணினிக்கு ஒரு ஹெட்போன், வீல் சேர் சக்கரத்துக்கு டயரும் டியூபும், மாதம் ஒருமுறை வந்து எல்லாவற்றையும் சரிபார்க்க ஒரு டெக்னீஷியன். பராமரிப்பு என்றால் என்ன என்று அந்தக் கம்பெனிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டாலே அவர்களுக்குப் புரியும்.